டூரிங் பைக்குக்குச் சாதாரண பெட்ரோலா, பிரீமியமா?

நெடுவழி:
வணக்கம் நண்பர்களே. 650 சிசி, இரட்டைச் சிலிண்டர், நீர்க்குளிர்ப்பு. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை நசுங்கும் விகிதம்) 10.8:1. கையேட்டில் "குறைந்தபட்சம் ரான் 91" (பெட்ரோலின் ஆக்டேன் எண்) என்று போட்டிருக்கிறது. நீண்ட பயணம், பின்னால் ஒருவர், இரண்டு பக்கப் பெட்டி, ஒரு மேல்பெட்டி. சமவெளி வெயிலும் உண்டு, மலை ஏற்றமும் உண்டு. வழியில் 91, 95 இரண்டும் கிடைக்கும், சில இடங்களில் 91 மட்டும்தான். 95 போட்டால் இழுவை கூடுமா, மைலேஜ் கூடுமா? இஞ்சின் ஆயுளுக்கு நல்லதா? இரண்டையும் கலந்து போடலாமா?

டாப்பெட்_கிளியரன்ஸ்:
உங்கள் வண்டிக்கு 91 போதும். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்த வண்டிக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியை அளப்பதில்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. ப்ளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து பரவ வேண்டும். அந்தத் தீ போய்ச் சேருமுன்னே சிலிண்டரின் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை நசுங்கிச் சூடேறித் தானே வெடித்தால் அதுதான் நாக்கிங். பிஸ்டன் தலை, ரிங் தடம், ஹெட் கேஸ்கெட் எல்லாம் அடிவாங்குவது இதில்தான்.

ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று: 91-இல் உங்கள் இஞ்சின் நாக் ஆகிறதா? ஆகவில்லை என்றால் 95 போட்டு எதைத் தடுக்கப் போகிறீர்கள்? லிட்டருக்கு உள்ள எரிசக்தி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நாக் சென்சார் இல்லாத இஞ்சினில் பொறி விழும் நேரம் ஏற்கெனவே எழுதப்பட்ட அட்டவணைப்படி நடக்கிறது. டேங்கில் 95 இருப்பது இசியூவுக்கு, அதாவது இஞ்சினின் கணினிக்கு, தெரியாது, அதனால் டைமிங்கை முன்னே தள்ளாது. இழுவை கூட வழியே இல்லை.

புல்லட்_பிரியன்:
அண்ணே, ஒரு சந்தேகம். பிரீமியம் போட்டா வண்டி ஸ்மூத்தா ஓடுது, சத்தம் குறையுதுன்னு நிறைய பேர் சொல்றாங்களே. அத்தனை பேருக்கும் மனப்பிரமைன்னு சொல்லிட முடியுமா?

டாப்பெட்_கிளியரன்ஸ்:
சொல்ல மாட்டேன் தம்பி. உண்மையிலேயே வித்தியாசம் தெரிய மூன்று காரணங்கள் இருக்கலாம்.

வண்டியில் நாக் சென்சார் இருந்து, கையேடு 95 கேட்க, 91 போட்டு ஓட்டிக்கொண்டிருந்தால் இசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கும். 95 போட்டதும் இழந்த இழுவை திரும்பி வரும். புதிதாக எதுவும் கூடவில்லை, இருக்க வேண்டியதே வந்திருக்கிறது.

அடுத்தது, லேசான நாக்கிங் ஏற்கெனவே இருந்திருக்கலாம். காற்றுக்குளிர்ப்பு இஞ்சின், உள்ளே கார்பன் படிவு, வெயில் நேரத்து நெரிசல் எல்லாம் சேர்ந்தால் 91-க்கு என்றே வடிவமைத்த இஞ்சினும் 93 கேட்கத் தொடங்கும். அப்போது 95 போட்டால் சத்தம் குறையத்தான் செய்யும். ஆனால் அது நோய் இருப்பதைக் காட்டும் அறிகுறி. கார்பனைக் கவனியுங்கள்.

மூன்றாவது டிடர்ஜெண்ட். சில இடங்களில் பிரீமியத்தில் சுத்திகரிப்பு வேதிப்பொருளின் அளவு அதிகம். இன்டேக் வால்வின் பின்புறமும் இன்ஜெக்டர் முனையும் அழுக்காக இருந்த வண்டியில் சில டேங்க் ஓடிய பிறகு ஐடிலிங் சீராகும். இதற்கும் ஆக்டேனுக்கும் சம்பந்தமில்லை. ஆக்டேன் கூடாமல் டிடர்ஜெண்ட் மட்டும் சேர்த்துப் பிரீமியம் என்ற பெயரில் விற்கப்படும் பெட்ரோலும் உண்டு. பம்பில் எழுதியிருக்கும் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

ப்ளக்_நிறம்:
எண்ணைப் பார்க்கும்போது அது எந்த எண் என்றும் பாருங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் பலரும் குழம்பும் இடம் இது.

ரான் என்பது நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில், உள்ளே போகும் காற்றை 52 டிகிரியில் வைத்து ஒரு சோதனை இஞ்சினில் எடுக்கும் அளவு. மான் என்பது 900 சுற்றில், கலவையை 149 டிகிரி வரை சூடாக்கி எடுப்பது. அது கடுமையான சோதனை என்பதால் எண் குறைவாக வரும், வழக்கமாக 8 முதல் 10 வரை. அமெரிக்கா, கனடாவில் பம்பில் எழுதியிருப்பது இந்த இரண்டின் சராசரி, ஏகேஐ. அங்கே 87 என்றால் ரான் கணக்கில் சுமார் 91. அங்கே 91 என்றால் ரான் 95-ஐ ஒட்டியது. "அமெரிக்கக் கையேடு 87 போதும் என்கிறது, நான் ரான் 91 போடுகிறேன், 4 எண் அதிகம்" என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டும் ஒரே பெட்ரோல்.

நெடுவழி சார் கவனிக்க வேண்டியது மான் பக்கம். முழு பாரம், மேட்டில் நீண்ட நேரம் திறந்த த்ராட்டில், சூடான இஞ்சின் என்பதெல்லாம் மான் சோதனை நிலைமைக்குப் பக்கத்தில் வருகிறது. ரான் ஒன்றாக இருந்தாலும் மான் குறைந்த பெட்ரோல் இங்கேதான் காலை வாரும். துரதிர்ஷ்டவசமாக, ஏகேஐ இல்லாத நாடுகளில் பம்பில் மான் தெரியாது.

நெடுவழி:
நன்றி. ஆனால் 10.8:1 என்பது அதிகக் கம்ப்ரஷன் இல்லையா? 10-க்கு மேல் போனால் பிரீமியம் கட்டாயம் என்று படித்திருக்கிறேன்.

ப்ளக்_நிறம்:
கார்புரேட்டர் காலத்துக் கணக்கு அது. கம்ப்ரஷன் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதற்கு மூன்று டூரிங் வண்டிகளையே பாருங்கள்.

சுசுகி வி-ஸ்ட்ராம் 650: கம்ப்ரஷன் 11.2:1. கேட்பது ரான் 91.
ஹோண்டா கோல்ட்விங் 1833 சிசி: 10.5:1. அமெரிக்கக் கையேட்டில் ஏகேஐ 86 போதும்.
ஹார்லி மில்வாக்கி-எயிட் 107: 10.0:1 மட்டுமே. ஆனால் கேட்பது ஏகேஐ 91, அதாவது ரான் 95.

கம்ப்ரஷன் மிகக் குறைந்த வண்டிதான் உயர்ந்த பெட்ரோல் கேட்கிறது. சிலிண்டர் விட்டத்தைப் பாருங்கள். ஹார்லியில் 100 மில்லிமீட்டர், வி-ஸ்ட்ராமில் 81, கோல்ட்விங்கில் 73. விட்டம் பெரிதானால் தீ ஓரத்துக்குப் போய்ச் சேர நேரமாகும், அதற்குள் ஓரக் கலவை தானே பற்ற வாய்ப்பு கூடும். வி-ஸ்ட்ராம் 650-இல் சிலிண்டருக்கு இரண்டு ப்ளக் வைத்ததால் அந்தத் தூரம் இன்னும் சுருங்கிவிடுகிறது. குளிர்ப்பு முறை, எரியறையின் வடிவம், இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது என்பதும் சேரும். வால்வு தாமதமாக மூடினால் காகிதத்தில் உள்ள கம்ப்ரஷன் உள்ளே முழுதாக நடப்பதே இல்லை. இத்தனையையும் சோதித்துத்தான் தயாரிப்பாளர் கையேட்டில் அந்த ஒற்றை எண்ணைப் போடுகிறார். நாம் கம்ப்ரஷனைப் பார்த்து ஊகிப்பதைவிட அது நம்பகமானது.

கார்பு_காலம்:
கையேடு கையேடு என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையேட்டின் எண் புதிய இஞ்சினுக்கானது. ஓட்டம் ஏற ஏற ஆக்டேன் தேவையும் ஏறும். பிஸ்டன் தலையில் கார்பன் படிந்தால் எரியறையின் கொள்ளளவு குறைந்து கம்ப்ரஷன் ஏறும், படிவு சூட்டையும் பிடித்துவைக்கும். பலர் கவனிக்காத இன்னொன்று, ஆயில் ஆவி. க்ராங்க் கேஸ் மூச்சுக்குழாய் ஏர்பாக்ஸுக்குள் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி)தான் போகிறது. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டு நெடுஞ்சாலையில் அதிகச் சுற்றில் ஓட்டினால் ஆயில் ஆவி கலவையோடு சேர்ந்து, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆக்டேனைக் கீழே இழுக்கும். ஏர்பாக்ஸ் அடியில் இருக்கும் வடிகுழாயில் ஆயில் தேங்கியிருந்தால் முதலில் ஆயில் மட்டத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு பெட்ரோலை யோசிக்கலாம்.

எக்ஸாஸ்டும் ஃபில்டரும் மாற்றிவிட்டு மேப் (இசியூவில் உள்ள எரிபொருள், டைமிங் அட்டவணை) மாற்றாதவர்களுக்கும் இதையே சொல்வேன். கலவை லீன் ஆகி, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைந்து, இஞ்சின் சூடேறும். அதற்கு மருந்து பிரீமியம் அல்ல, சரியான மேப்.

புல்லட்_பிரியன்:
நாக்கிங் ஆகுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? டாப்பெட் சத்தமும் (வால்வுப் பக்கத்துத் தட்டல்) அப்படித்தானே கேக்குது?

டாப்பெட்_கிளியரன்ஸ்:
பிரித்துப் பார்க்கலாம். டாப்பெட் சத்தமும் செயின் டென்ஷனர் சத்தமும் ஐடிலிங்கில் நின்றாலும் கேட்கும், சுற்று ஏற ஏற அதே தாளத்தில் ஏறும். நாக்கிங் பாரம் ஏறும்போது மட்டும் வரும். தகர டப்பாவில் சின்னக் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கினாற்போல, உலோகத்தன்மையோடு, ஒழுங்கில்லாமல் கேட்கும். த்ராட்டிலை லேசாக விட்டாலோ ஒரு கியர் இறக்கினாலோ உடனே நின்றுவிடும். நின்றால் நாக்கிங்.

சோதிக்க: இஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, போக்குவரத்து குறைவான ஒரு மேட்டில், மேல் கியரில் 3000 சுற்றிலிருந்து த்ராட்டிலை முக்கால் வரை திறங்கள். ஓரிரு நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். சத்தம் கேட்டால் உடனே விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹெல்மெட், காற்றிரைச்சல், காதடைப்பான் எல்லாம் சேர்ந்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில் எதுவும் காதில் விழாது. ஆபத்தானதே அதிவேக நாக்கிங்தான், அது கேட்காமலே பிஸ்டனைத் தின்றுவிடும். அதனால் நீண்ட பயணத்துக்கு முன்னும் பின்னும் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகளோ, லென்ஸ் வைத்துப் பார்த்தால் மின்னும் அலுமினியத் துகள்களோ இருந்தால் அந்த இஞ்சின் நாக் ஆகியிருக்கிறது. கையேட்டில் சொன்ன வெப்ப எண்ணைவிடச் சூடான ப்ளக் போட்டிருந்தாலும் தொந்தரவு வரும் என்பதால் ப்ளக்கின் எண்ணையும் அப்போதே சரிபாருங்கள்.

மலை_ஏற்றம்:
ஓட்டும் முறையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! பாரம் ஏற்றிய டூரிங் பைக்கில் நாக்கிங் வருவதற்கு முக்கியக் காரணம் கியர் இறக்கச் சோம்பல். கொண்டை ஊசி வளைவு முடிந்து 4-ஆம் கியரில் 2500 சுற்றில் த்ராட்டிலை முறுக்கினால் பிஸ்டன் மெதுவாக நகர்கிறது, அழுத்தம் அதிகம், ஓரக் கலவைக்குத் தானே பற்ற நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. 650 இரட்டைச் சிலிண்டரில் ஏற்றத்தில் 4000-க்குக் கீழே விடாதீர்கள். இதைச் செய்தாலே 91-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி உங்கள் இடது காலிலேயே கிடைத்துவிடும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மேலே போகப் போக நல்ல பெட்ரோல் தேவை என்பார்கள். உண்மை நேர்மாறானது. 3000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். சிலிண்டருக்குள் நிறையும் காற்று குறைவு, அழுத்தம் குறைவு, ஆக்டேன் தேவையும் குறைவு. அங்கே இழுவை குறைவது காற்றில்லாமல்தான், 97 போட்டாலும் அது திரும்பாது. சிக்கல் இறங்கும்போது வரும். உயரமான பகுதிகளில் சில நாடுகளில் ஏகேஐ 85 விற்கிறார்கள். டேங்க் நிறைய அதை வைத்துக்கொண்டு சமவெளி வெயிலில் இறங்கினால் நாக்கிங் அங்கே வரவேற்கும். இறங்கும் நாளில் மேலே பாதி டேங்க் மட்டும் போடுங்கள், கீழே வந்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

நெடுவழி:
இது எனக்குத் தெரியாது, மிகவும் உபயோகம். கலப்பது பற்றி?

ப்ளக்_நிறம்:
தாராளமாகக் கலக்கலாம். கணக்கு ஏறத்தாழ நேர்விகிதம். 20 லிட்டர் டேங்கில் 8 லிட்டர் 91 இருக்கிறது, 12 லிட்டர் 95 ஊற்றுகிறீர்கள் என்றால் (8×91 + 12×95) ÷ 20 = 93.4. எத்தனால் அளவு வேறுபட்டால் சற்று மாறும், பயணத்துக்கு இந்தக் கணக்கு போதும். கையேடு 95 கேட்கும் வண்டிக்காரர்களுக்குத்தான் இது உண்மையில் முக்கியம்: அடுத்த 300 கிலோமீட்டர் 91 மட்டும்தான் என்று தெரிந்தால் டேங்க் பாதி இருக்கும்போதே 95 நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். காலி டேங்கில் 91 ஊற்றும் நிலை வராது.

மலை_ஏற்றம்:
அதோடு வண்டியிலேயே ஏற்பாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் குறைந்த ஆக்டேனுக்கான தெரிவு திரை மெனுவிலேயே இருக்கிறது. பிஎம்டபிள்யூவின் ஜிஎஸ் வண்டிகளில் ரான் 91-க்கான அமைப்பு தொழிற்சாலைத் தெரிவாக வந்ததுண்டு. நல்ல பெட்ரோல் கிடைத்ததும் மெனுவைப் பழைய நிலைக்கு மாற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் இழுவையும் மைலேஜும் காரணமில்லாமல் குறைந்ததாகத் தோன்றும்.

எந்த ஏற்பாடும் இல்லாத 95 வண்டியில் 91 போட நேர்ந்தால்: பாதித் த்ராட்டிலுக்கு மேல் வேண்டாம், கியர் ஒன்று இறக்கியே ஓட்டுங்கள், எதிர்க்காற்றில் வேகத்தைக் குறையுங்கள், முடிந்தால் உச்சி வெயிலில் மேடு ஏறாதீர்கள். அடுத்த நல்ல பங்கில் நிரப்பும் வரைதான்.

புல்லட்_பிரியன்:
ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ஒண்ணு பெட்டியில வச்சிக்கிட்டா போதாதா?

கார்பு_காலம்:
போதாது. பாட்டிலில் "30 பாயிண்ட் கூடும்" என்று எழுதியிருந்தால் 30 ஆக்டேன் இல்லை, 3. ஒரு பாயிண்ட் என்பது 0.1. அதுவும் சொன்ன அளவு லிட்டருக்கு ஊற்றினால்தான். இவற்றில் பல எம்எம்டி என்ற மாங்கனீசுச் சேர்மம் கொண்டவை. தொடர்ந்து போட்டால் ப்ளக் பீங்கானில் செம்பழுப்பாகப் படியும், ஆக்சிஜன் சென்சாரையும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். அவசரத்துக்கு ஒரு முறை சரி, வழக்கமாக்க வேண்டாம்.

டிடர்ஜெண்ட் பாட்டில் வேறு விஷயம். பிஇஏ, அதாவது பாலிஈதரமைன் உள்ளதை, ஆயில் மாற்றும் முன் ஓடும் டேங்கில் ஊற்றுங்கள். முதலில் பாட்டில், பிறகு பெட்ரோல், அப்போதுதான் நன்றாகக் கலக்கும். ஆயில் மாற்றும் முன் என்று சொல்வதற்குக் காரணம், கரைந்த அழுக்கில் கொஞ்சம் ரிங் வழியாக ஆயிலுக்குள் இறங்கும். இன்ஜெக்டர் வால்வுக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில் இது நன்றாக வேலை செய்யும். டூரிங் பைக் அநேகமாக எல்லாமே அந்த வகைதான்.

ப்ளக்_நிறம்:
எத்தனாலையும் சேர்த்தே பேச வேண்டும். மைலேஜில் உண்மையான வித்தியாசம் ஆக்டேனிலிருந்து வருவதில்லை, எத்தனாலிலிருந்து வருகிறது. பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 32 மெகாஜூல், எத்தனாலில் 21. இ10 (10 சதவீத எத்தனால் கலந்தது) என்றால் சக்தி சுமார் 3 சதவீதம் குறைவு, இ20 என்றால் 7. எத்தனாலின் சொந்த ரான் 108-க்கு மேல் என்பதால், எத்தனால் அதிகம் கலந்தே ஆக்டேன் ஏற்றிய பிரீமியம் சாதாரண பெட்ரோலைவிட மைலேஜ் குறைவாகத் தரவும் கூடும். எத்தனால் இல்லாத பிரீமியம் கிடைக்கும் இடத்தில் மைலேஜ் கூடியதாகத் தெரிந்தால் பெருமை ஆக்டேனுக்குப் போகக் கூடாது.

கார்பு_காலம்:
ஆமாம், இதில் கார்புரேட்டர் வண்டிக்காரர்கள்தான் அதிகம் பாடுபடுவார்கள். பெட்ரோலுக்கு 14.7:1 காற்று விகிதம், இ20-க்குச் சுமார் 13.5:1. ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) மாறாது, அதனால் கலவை 8 சதவீதம் லீன். த்ராட்டில் திறக்கும்போது தயக்கம், மூடும்போது சைலன்சரில் படபடப்பு. பைலட் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள், போதவில்லை என்றால் ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் போடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் மிதவேகத்தில் சரிக்கட்டிவிடும்.

தண்ணீரும் பிரச்சினைதான். இ10 பெட்ரோல் சுமார் 0.5 சதவீதத் தண்ணீரைத் தாங்கும். 20 லிட்டரில் 100 மில்லி. அதைத் தாண்டினால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கு எத்தனால் தந்த ஆக்டேனும் போயிருக்கும்.

அதனால்தான் ஒதுக்குப்புறத்தில் பிரீமியம் தேடி அலையாதீர்கள் என்கிறேன். நாளுக்கு இரண்டு பேர் மட்டும் வாங்கும் பிரீமியம் நிலத்தடித் தொட்டியில் வாரக்கணக்கில் கிடக்கும். லேசான பகுதி ஆவியாகி, காலை ஸ்டார்ட்டிங் கஷ்டமாகும். லாரியும் காரும் வரிசை கட்டும் பங்கில் கிடைக்கும் புது 91, 91 கேட்கும் வண்டிக்கு அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

நெடுவழி:
அப்படியென்றால் மைலேஜை நானே சோதித்துப் பார்க்கிறேன். எப்படிச் செய்தால் நம்பலாம்?

டாப்பெட்_கிளியரன்ஸ்:
டேஷ்போர்டு காட்டும் சராசரியை நம்பாதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டேங்க் கழுத்தில் ஒரே கோடு வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் அதே கோடு, முடிந்தால் அதே பம்ப். ஒவ்வொரு பெட்ரோலிலும் குறைந்தது மூன்று முழு டேங்க், ஒரே சாலை, ஒரே பாரம், டயர் காற்றும் ஒரே அளவு. மாற்றும்போது முதல் டேங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் பழையது கலந்திருக்கும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் சோதனையே வீண். 90-லிருந்து 110-க்குப் போனால் காற்று எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பக்கப் பெட்டிகளோடு இது இன்னும் மோசம். ஆக்டேன் மாற்றத்தில் நீங்கள் தேடும் ஓரிரு சதவீதம் அந்தக் காற்றிலேயே மறைந்துவிடும்.

புல்லட்_பிரியன்:
கடைசியா ஒண்ணு. மேப் மாத்தின வண்டிக்கு?

ப்ளக்_நிறம்:
டைமிங்கை முன்னே தள்ளிய மேப் என்றால் அது எந்த ரானில் எழுதப்பட்டதோ அதற்குக் கீழே போகவே கூடாது. கையேட்டின் எண் அந்த வண்டிக்கு இனி செல்லாது. டூரிங் போகிறவர்கள் மேப் எழுதும்போதே 91-க்கு எழுதச் சொல்லுங்கள், அல்லது இரண்டாவது மேப் ஒன்றை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் அளவை மட்டும் திருத்திய மேப்புக்கு இந்தக் கவலை இல்லை.

நெடுவழி:
சரி, 91-தான். கூட்டமுள்ள பங்கு, மேட்டில் 4000 சுற்று, கிளம்பும் முன் ப்ளக்கும் ஆயில் மட்டமும். வெயில் உச்சத்தில் முழு பாரத்தோடு நீண்ட ஏற்றம் வரும் நாளில் மட்டும் 95 போட்டால் தப்பா?

டாப்பெட்_கிளியரன்ஸ்:
தப்பே இல்லை. 95-ஆல் இஞ்சினுக்குக் கெடுதல் கிடையாது. ஆனால் மேலே சொன்ன மேட்டுச் சோதனையை முதலில் 91-இலேயே அதே பாரத்தோடு செய்யுங்கள். சத்தம் இல்லை, ப்ளக்கும் சுத்தம் என்றால் அன்றைக்கும் 91 போதும். சத்தம் வந்தால் 95 போட்டுப் பயணத்தை முடியுங்கள், திரும்பியதும் த்ராட்டில் பாடி, ப்ளக், ஏர்பாக்ஸ் வடிகுழாய், கூலன்ட் மட்டம் நான்கையும் திறந்து பாருங்கள். 91 கேட்கும் இஞ்சின் 95 கேட்கத் தொடங்கியதற்குக் காரணம் அந்த நான்கில் ஒன்றில் இருக்க வாய்ப்பு அதிகம்.